504-க்குச் சோறு போட்டவர்கள்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் பலருக்கும் 504 என்ற எண் தெரிந்திருக்கும். பிள்ளைக்குச் சர்க்கரை நோய், வேர்க்கடலை ஒவ்வாமை, ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாடு என்று ஏதாவது இருந்தால், "504 பிளான் போட்டுக்கலாம்" என்று பள்ளியில் சொல்வார்கள். தேர்வில் கூடுதல் நேரம், வகுப்பிலேயே இன்சுலின், முன்வரிசை இருக்கை என்று பிள்ளைக்குத் தேவையானதை அதில் எழுதித் தருவார்கள். நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவோம். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் படித்தது என் மகளுக்காக அப்படி ஒரு கூட்டத்துக்குப் போய் வந்த பிறகுதான். அமெரிக்காவில் ஒரு முற்போக்கான சிந்தனை எப்படிச் சட்டமாகிறது, சட்டமான பிறகும் எப்படிக் காற்றில் தொங்குகிறது, யார் யார் சேர்ந்து அதைத் தரைக்கு இழுத்து வருகிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு வரலாறு எனக்குத் தெரியாது.

1973-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு மறுவாழ்வுச் சட்டம் கொண்டுவந்தது. அதன் முந்தைய வடிவங்களை அதிபர் நிக்சன் செலவைக் காரணம் காட்டி இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றாவது முறை, செப்டம்பரில், கையெழுத்திட்டார். பெரும்பாலும் வேலைப் பயிற்சி, மறுவாழ்வு நிதி பற்றிய சட்டம் அது. அதன் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு வாக்கியமாக இருந்தது பிரிவு 504. தகுதியுள்ள ஒருவரை, அவருக்கு உடல் குறை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, மத்திய அரசின் பணம் பெறும் எந்தத் திட்டத்திலிருந்தும் ஒதுக்கக் கூடாது, பாகுபாடு காட்டக் கூடாது. சாரம் இவ்வளவுதான்.

இந்த வாக்கியத்துக்காக அப்போது யாரும் ஊர்வலம் போகவில்லை. இதைப் பற்றி விசாரணைக் கூட்டங்களும் நடக்கவில்லை. செனட் அலுவலக ஊழியர்கள் சிலர் வரைவின் கடைசிக் கட்டத்தில் சேர்த்தது இது. வார்த்தைகளும் புதிதல்ல. 1964-ன் குடிமை உரிமைகள் சட்டத்தில், இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் ஆறாம் பகுதியை எடுத்து, அந்த இடத்தில் உடல் குறையை வைத்தார்கள். கறுப்பின மக்கள் தெற்கு மாநிலங்களில் அடிபட்டும் சிறை சென்றும் வாங்கிய வாக்கிய அமைப்பு, ஒன்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு கூட்டத்துக்குப் பயன்பட்டது. அந்தக் கூட்டம் அதுவரை உரிமை என்ற கணக்கிலேயே வந்ததில்லை. அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் தர்மம், நிதி திரட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், விடுதிகள்.

அவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன். ஜெர்மனியிலிருந்து சிறுவயதில் தப்பி வந்த யூதர்களின் மகள். 1947-ல் பிறந்தவர், ஒன்றரை வயதில் போலியோ. புரூக்ளினில் ஐந்து வயதில் அம்மா அவரைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, சக்கர நாற்காலி தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று சொல்லிப் பள்ளி மறுத்துவிட்டது. பல ஆண்டுகள் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்ததுதான் படிப்பு. ஆனாலும் படித்து முடித்து, 1970-ல் ஆசிரியர் உரிமம் கேட்டபோது நியூயார்க் கல்வி வாரியம் அதே தீ விபத்துக் காரணத்தைச் சொல்லி மறுத்தது. வழக்குப் போட்டார். அது போய் நின்றது கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற நீதிபதியிடம். மத்திய நீதிமன்ற நீதிபதியான முதல் கறுப்பினப் பெண் அவர். அதற்கு முன் கறுப்பின மாணவர்களைப் பல்கலைக்கழகங்களில் சேர்க்க வாதாடிய வழக்கறிஞர். வாரியம் இறங்கிவந்தது, ஹியூமனுக்கு உரிமம் கிடைத்தது.

மேற்குக் கரையில் இன்னொருவர், எட் ராபர்ட்ஸ். பதினான்கு வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே அசைவு போனது. இரவில் இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளைக்குள் படுத்தால்தான் மூச்சு. 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த உருளை எந்த மாணவர் விடுதி அறையிலும் கொள்ளாது என்பதால், வளாகத்தின் கோவல் மருத்துவமனையில் ஒரு தளம் அவருடைய விடுதியானது. அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்து சேர, அது ஒரு கூட்டமானது. அந்தக் கூட்டத்திலிருந்துதான் 1972-ல் பெர்க்லியில் 'சுயேச்சை வாழ்வு மையம்' பிறந்தது. மருத்துவரும் அதிகாரியும் நமக்காக முடிவெடுக்க வேண்டாம், எங்கே வாழ்வது, யார் உதவுவது என்பதை நாமே முடிவு செய்வோம் என்பது அதன் அடிப்படை. ராபர்ட்ஸ் வேலை செய்யவே முடியாதவர் என்று ஒரு காலத்தில் உதவி மறுத்தது கலிபோர்னியா மறுவாழ்வுத் துறை. 1975-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அந்தத் துறைக்கே அவரை இயக்குநராக்கினார். இதைப் படித்தபோது எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது.

சரி, சட்டத்துக்கு வருவோம். ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மருத்துவமனையோ கல்லூரியோ என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு விதிமுறைகள் வேண்டும். அவற்றை வெளியிட வேண்டியது சுகாதாரம், கல்வி, நலத்துறை. நிக்சன் போய் ஃபோர்டு வந்தார், விதிமுறைகள் வரவில்லை. நீதிமன்றமே உத்தரவு போட்டும் வரவில்லை. தேர்தலில் கையெழுத்திடுவதாக வாக்களித்த கார்ட்டர் 1977 ஜனவரியில் பதவியேற்றார். அவருடைய துறைச் செயலர் ஜோசப் கலிஃபானோ, மறுபடியும் ஆராய வேண்டும், சில மாற்றங்கள் வேண்டும் என்றார். சாய்தளத்துக்கும் லிஃப்டுக்கும் ஆகும் செலவை நினைத்துப் பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தன. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளாக ஒரு சட்டத்தின் விதிமுறைகள், கையெழுத்து இல்லாமல் மேசையில் கிடந்தன.

1977 ஏப்ரல் 5-ம் தேதி, மாற்றுத்திறனாளி அமைப்புகள் வாஷிங்டன், நியூயார்க், டென்வர், சான் பிரான்சிஸ்கோ உட்படப் பல நகரங்களில் அந்தத் துறையின் அலுவலகங்களுக்குள் போய் உட்கார்ந்தன. வாஷிங்டனில், கலிஃபானோவின் தலைமையகத்திலேயே, உள்ளே உணவு போகவிடாமல் தடுத்தார்கள். மறுநாளே போராட்டக்காரர்கள் வெளியேற வேண்டியதானது. மற்ற நகரங்களிலும் சில நாட்களுக்குமேல் நிற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் ஏப்ரல் 30 வரை நின்றது. அமெரிக்காவில் மத்திய அரசுக் கட்டடம் ஒன்றுக்குள் நடந்த உள்ளிருப்புப் போராட்டங்களில் இதுதான் மிக நீண்டது என்பார்கள்.

ஏன் அங்கே மட்டும்? இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர், அங்கே முன்னின்று நடத்திய ஹியூமனின் துணிச்சலில் தொடங்கி அதிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்தத் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் துணிச்சல் வாஷிங்டனில் உட்கார்ந்தவர்களிடமும் இருந்தது. அவர்களுக்கு இல்லாமல் போனது சாப்பாடு.

சான் பிரான்சிஸ்கோவில் கிட்டி கோன் என்ற பெண் இருந்தார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர், பழுத்த இடதுசாரி, அதற்குமுன் குடிமை உரிமை இயக்கத்திலும் வியட்நாம் போர் எதிர்ப்பிலும் ஆள் சேர்த்துப் பழகியவர். தொழிற்சங்கம், தேவாலயம், கறுப்பினத்தவர் அமைப்புகள், ஓரினச்சேர்க்கையாளர் அமைப்புகள் என்று ஒவ்வொரு வாசலாகப் போய் ஆதரவு கேட்டு வைத்திருந்தார்கள் அவரும் தோழர்களும். உணவு, மருத்துவம், பத்திரிகைத் தொடர்பு என்று தனித்தனிக் குழுக்கள் இருந்தன. யூஎன் பிளாசா 50-ம் எண் கட்டடத்தின் நான்காம் தளத்துக்குள் சுமார் 150 பேர் நுழைந்து, இன்று இரவு போவதில்லை என்று சொன்னது உணர்ச்சி வேகத்தில் மட்டும் நடந்ததல்ல. பின்னால் பல வார உழைப்பு இருந்தது. அந்த மண்டல அலுவலகத்தின் தலைவருக்கோ பிரிவு 504 என்றால் என்னவென்றே தெரிந்திருக்கவில்லை.

உள்ளே இருந்தவர்களின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கழுத்துக்குக் கீழ் அசைவில்லாதவர்கள், சிறுநீர்க் குழாய் மாற்ற வேண்டியவர்கள், இரவில் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் நிலையில் இருந்தவர்கள், பார்வையில்லாதவர்கள், காது கேளாதவர்கள். பலர் மாற்றுடை, மாத்திரைகூடக் கொண்டுவரவில்லை. தரையில் படுத்தார்கள். வீட்டில் செய்யும் உதவியாளர் இல்லாத இடத்தில் ஒருவருக்கொருவர் செய்துகொண்டார்கள். குளிரில் வைக்க வேண்டிய மருந்துகளுக்காக, குளிர்சாதனப் பெட்டி இல்லாமல், ஏசி இயந்திரத்தின் முன்னால் ஒரு பெட்டியை ஒட்டுநாடாவால் ஒட்டி அதற்குள் வைத்தார்கள். தொலைபேசி இணைப்பைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னலில் நின்று கீழே தெருவில் இருந்தவர்களோடு சைகை மொழியில் பேசினார்கள். அந்த ஒரு நிமிடத்தில் கட்டடத்திலேயே வெளியுலகத் தொடர்பு இருந்தது அவர்களுக்கு மட்டும்தான். யூதர்களின் பெசா பண்டிகையும் ஈஸ்டரும் உள்ளேயே கழிந்தன. இரவு கூட்டங்களில் சைகை மொழிபெயர்ப்பு முடியும் வரை, பேச்சுத் தடுமாறுபவர் தன் வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் வரை, எவ்வளவு நேரமானாலும் எல்லோரும் காத்திருந்தார்கள். டென்னிஸ் பில்லப்ஸ் என்ற பார்வையற்ற கறுப்பின இளைஞர் பாட்டும் முழக்கமுமாக எல்லோரையும் சோர்ந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்.

இனி சாப்பாடு. பிராட் லோமாக்ஸ் என்ற கறுப்பின இளைஞரும் அந்த 150 பேரில் இருந்தார். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்ற நரம்பு நோயால் சக்கர நாற்காலியில் இருந்தவர். கருஞ்சிறுத்தைகள் என்று நாம் சொல்லும் பிளாக் பாந்தர் கட்சியின் உறுப்பினர். அவருக்கு உதவியாக வந்த சக் ஜாக்சனும் அதே கட்சிக்காரர்தான். லோமாக்ஸுக்கு மட்டுமல்ல, கேட்டவர்களுக்கெல்லாம் உதவினார் ஜாக்சன். இரண்டு தோழர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்றதும் கட்சி முடிவெடுத்தது. ஓக்லண்டிலிருந்து வளைகுடாப் பாலத்தைத் தாண்டி, ஒவ்வொரு நாளும் சூடான சாப்பாடு வந்தது. தங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கு மட்டும் கொண்டுவரவில்லை. மொத்தப் பேருக்கும் கொண்டுவந்தார்கள். முதலில் காவலர்கள் வாசலிலேயே தடுத்தார்கள். கருஞ்சிறுத்தைகள் பின்வாங்கவில்லை, சாப்பாடு உள்ளே போனது.

கருஞ்சிறுத்தைகள் என்றாலே துப்பாக்கியும் கறுப்புத் தொப்பியும்தான் பலருக்கு நினைவு வரும். 1969 ஜனவரியில் ஓக்லண்டின் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு தொடங்கியவர்களும் அவர்கள்தான். அது நாடு முழுக்கப் பல நகரங்களுக்குப் பரவியது. நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைத்து, வேளை தவறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று அவர்களுக்கு எட்டு ஆண்டு அனுபவம் இருந்தது. (மகாராஷ்டிரத்தில் 1972-ல் தலித் இளைஞர்கள் தங்கள் அமைப்புக்கு வைத்த பெயர் இவர்களிடமிருந்து எடுத்ததுதான். அந்தச் சிறுத்தை பிறகு நம்மூருக்கும் வந்தது.) 1977-ல் அந்தக் கட்சி தளர்ந்துபோயிருந்தது. காவல்துறையும் எஃப்பிஐயும் பல ஆண்டுகள் குறிவைத்துத் தாக்கியிருந்தன, உள்சண்டைகளும் இருந்தன. கையில் மிஞ்சியிருந்ததையும் எடுத்து, பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் நிறைந்த ஒரு போராட்டத்துக்குச் சோறாகக் கொடுத்தார்கள். நான் இந்த வரலாற்றில் அதிகம் வணங்குவது அந்தச் சமையற்கட்டில் நின்றவர்களை. அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை.

அவர்கள் மட்டுமல்ல. சிறையிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டவர்களின் அமைப்பான டிலான்சி ஸ்ட்ரீட்டும் உணவு கொடுத்தது. பட்டர்ஃபிளை பிரிகேட் என்ற ஓரினச்சேர்க்கையாளர் குழு, தெருத்தாக்குதல்களிலிருந்து தங்கள் ஆட்களைக் காக்க வைத்திருந்த வாக்கி டாக்கிகளை உள்ளே சேர்த்தது. கிளைடு தேவாலயம் வந்தது. மேயர் ஜார்ஜ் மோஸ்கோன் மெத்தைகளும், கைகழுவும் தொட்டியில் மாட்டிக் குளிக்கத் தோதான குழாய்களும் அனுப்பிவைத்தார். ஒரு நகரத்தின் மேயர், மத்திய அரசின் கட்டடத்தைப் பிடித்துவைத்திருப்பவர்களுக்குக் குளிக்க ஏற்பாடு செய்கிறார்!

ஏப்ரல் 15-ம் தேதி, அந்தத் தளத்திலேயே ஒரு விசாரணைக் கூட்டம் நடந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஃபிலிப் பர்ட்டனும் ஜார்ஜ் மில்லரும் நடத்தினார்கள். கலிஃபானோ அனுப்பிய அதிகாரி ஜீன் ஐடன்பெர்க், துறை யோசித்துவரும் மாற்றங்களை வாசித்தார். அதில் 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற பழைய வாதமும் தலைகாட்டியது. 1954-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பினப் பள்ளிகள் விஷயத்தில் தூக்கி எறிந்த அதே வாதம். ஹியூமன் குரல் நடுங்க, அழுகையை அடக்கிக்கொண்டு பேசினார். நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிவதாக எனக்குத் தோன்றவில்லை, அதனால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள் என்று அந்த அதிகாரியிடம் சொன்னார். பர்ட்டன் கண்ணீர் விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு குழு வாஷிங்டனுக்குப் போனது. அங்கே சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வண்டி கிடையாது. இயந்திரத் தொழிலாளர் சங்கம் சாமான் ஏற்றும் லாரி ஒன்றை வாடகைக்குப் பிடித்தது. ஜன்னல் இல்லாத அந்தப் பெட்டிக்குள், இருட்டில், ஒருவர்மேல் ஒருவர் உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டு போனார்கள். கலிஃபானோவின் வீட்டெதிரே மெழுகுவர்த்தியோடு நின்றார்கள். ஏப்ரல் 28-ம் தேதி அவர் கையெழுத்திட்டார், மாற்றங்கள் இல்லாமல். 30-ம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் உள்ளே இருந்தவர்கள் பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள்.

இந்த வெற்றியின் அளவு எனக்குப் புரிந்தது என் அப்பா எங்களோடு இங்கே இருந்த நாட்களில். பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்தார். ஒருநாள் அவரை நகரப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டுநர் பேருந்தின் முன்பக்கத்தைத் தாழ்த்தி, சாய்தளத்தை இறக்கி, இருக்கையை மடக்கி, நாற்காலியின் சக்கரங்களைப் பட்டையால் இறுக்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். பேருந்தில் எல்லோரும் பேசாமல் காத்திருந்தார்கள். அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. "என்னால இத்தனை பேருக்குத் தாமதம்பா" என்றார். இறங்கும்போது ஓட்டுநரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே, நல்லா இருங்க என்பது போல ஏதோ சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்துக்குக் கிளம்பினார். அப்பாவிடம் சொன்னேன், அவர் நமக்கு உபகாரம் செய்யலைப்பா, நீங்க ஏறுறது சட்டம் என்று. அவர் நம்பவில்லை. வாழ்நாள் முழுக்க யாராவது தூக்கிவிட்டால்தான் பேருந்து என்ற ஊரில் இருந்தவருக்கு அது நம்பும்படியான விஷயமும் இல்லை.

அந்தப் பேருந்தும் தானாக வரவில்லை. 1978 ஜூலையில் டென்வர் நகரில் 19 பேர் சக்கர நாற்காலிகளோடு ஒரு நாற்சந்தியில் பேருந்துகளை மறித்து, இரவு முழுக்கச் சாலையிலேயே இருந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய அடாப்ட் இயக்கம் ஊர் ஊராகப் பேருந்துகளை மறித்தது. 1990 மார்ச்சில் வாஷிங்டன் கேப்பிடல் கட்டடத்தின் படிகளில், நாற்காலிகளைக் கீழே விட்டுவிட்டு, முழங்கையாலும் வயிற்றாலும் தவழ்ந்து ஏறினார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அந்த ஜூலையில், குடியரசுக் கட்சி அதிபர் மூத்த புஷ், மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். 504 அரசுப் பணம் வாங்கும் இடங்களைத்தான் கட்டுப்படுத்தியது. இது கடை, உணவகம், திரையரங்கு, தனியார் வேலை வரைக்கும் நீண்டது. பிராட் லோமாக்ஸ் அதைப் பார்க்கவில்லை, 1984-ல் இளவயதிலேயே இறந்துவிட்டார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தச் சட்டங்களைச் செயல்படுத்தும் பாரம் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுகிறது. அவர்தான் புகார் எழுத வேண்டும், அவர்தான் வழக்குப் போட வேண்டும். நேரமும் ஆங்கிலமும் வழக்கறிஞரும் உள்ள பெற்றோரின் பிள்ளைக்கு 504 பிளான் சுலபமாகக் கிடைக்கிறது. இரண்டு வேலை பார்க்கும் அம்மாவின் பிள்ளைக்கு அப்படியில்லை. நம் வாட்ஸ்அப் குழுக்களில் படிவத்தை எப்படி நிரப்புவது என்று பேசுகிறோம், நல்லதுதான். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவுக்கும் நிரப்பிக்கொடுக்க நம்மால் முடியும்.

2024-ல் டெக்சாஸ் தலைமையில் 17 மாநிலங்கள், 504-ன் புதிய விதிமுறைகளை எதிர்த்து வழக்குப் போட்டன. பிரிவு 504-ஐயே அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அறிவிக்கக் கேட்கும் வாசகமும் மனுவில் இருந்தது. பெற்றோர்களும் மாற்றுத்திறனாளி அமைப்புகளும் தங்கள் மாநில அலுவலகங்களுக்குப் போன்மேல் போன் போட்டார்கள். அதற்குப் பிறகு, பிரிவையே நீக்குவது எங்கள் நோக்கமல்ல என்று மாநிலங்கள் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஹியூமன் 2023 மார்ச்சில் காலமானார். அவர் வளர்ந்த நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையங்களில் பெரும்பாலானவற்றில் அப்போதும் சக்கர நாற்காலியோடு இறங்க வழியில்லை. அங்குள்ள மாற்றுத்திறனாளி அமைப்புகள் பல ஆண்டுகள் வழக்கு நடத்தி, 2022-ல் ரயில் நிர்வாகத்தை ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தன. அப்படி வழியில்லாத நிலையங்களில் 95 சதவீதத்தில் லிஃப்டோ சாய்தளமோ அமைத்து முடிக்க அதில் குறித்திருக்கும் கெடு 2055.